புல்தரைக்குப் பதில் பொடுதலை: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கான கேள்வி பதில்

வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் மண்ணை விட்டுக் கட்டுகிறவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். மஞ்சக்குப்பத்திலும் லாஸ்பேட்டையிலும் புது வீடுகளைக் கவனித்தால் தெரியும். முதல் வருஷம் அந்த இடத்தில் புல்தரை இருக்கும். அடுத்த கோடையில் போர் தண்ணீரின் உப்பு தாங்காமல் புல் திட்டுத்திட்டாகப் பழுக்கும். அதற்கடுத்த வருஷம் டைல்ஸ் போட்டு மூடிவிடுவார்கள். பிறகு ஐப்பசி மழை எவ்வளவு கொட்டினாலும் அந்த இடத்தில் சொட்டுத் தண்ணீர் இறங்காது, எல்லாம் தெருவுக்குத்தான். மூடுவதற்கு முன்னால் பொடுதலையை ஒருமுறை வைத்துப் பாருங்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன். அப்படிச் சொல்லும்போது அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளும் பதில்களும்தான் இங்கே இருப்பவை.

பொடுதலை எது? எப்படி அடையாளம் காண்பது?

நீங்கள் பலமுறை மிதித்துப் போன செடிதான். குளக்கரை, வாய்க்கால் வரப்பு, ஆற்றோர ஈரமண் என்று எங்கும் இருக்கும். தாவரவியலில் இதன் பெயர் ஃபைலா நோடிஃப்ளோரா.

தண்டு தரையோடு ஒட்டி ஓடும். கணுவுக்குக் கணு எதிரெதிராக இரண்டு இலை. இலை அடியில் குறுகி, நுனிப்பக்கம் அகன்றிருக்கும். அந்த அகன்ற மேல்பாதியின் விளிம்பில் மட்டும் ரம்பப் பல் இருக்கும், கீழ்ப்பாதி வழவழவென்று போகும். ஒரு தண்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் கணுக்களில் வேர் இறங்கியிருப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு கணுவும் தனிச் செடியாகப் பிழைக்கக்கூடியது.

பூவைக் குனிந்து பார்த்தால் சந்தேகமே வராது. இலைக் கக்கத்திலிருந்து மெல்லிய காம்பு ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதன் உச்சியில் கருஊதா நிறத்தில் சின்ன முடிச்சு. அந்த முடிச்சைச் சுற்றி ஒரே ஒரு வளையமாக வெள்ளைப் பூக்கள், சிலவற்றில் இளஞ்சிவப்புச் சாயல். பூக்கள் கீழிருந்து மேலாக விரிவதால் அந்த வளையம் நாளுக்கு நாள் மேலே ஏறும், முடிச்சும் நீண்டுகொண்டே போகும். பூத்து முடிந்த கீழ்ப்பகுதியில் விதை கட்டும்.

புல்லைவிட இது எந்த விதத்தில் மேல்?

வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும். நம் கடலோர வெயிலையும் ஓரளவு உப்பையும் தாங்கும். வெயிலில் வளர்ந்தால் மூன்று நான்கு விரற்கடை உயரத்துக்கு மேல் எழாது என்பதால் புல்வெட்டும் மிஷின் வேண்டாம். வேர் பிடித்த பிறகு புல்லுக்கு ஊற்றும் தண்ணீரில் ஒரு பகுதியே போதும். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது, இது இந்த மண்ணிலேயே இருக்கும் செடி. காசு கொடுத்து வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை.

இதை யாரும் மதிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் இதே இனத்திலிருந்து குராபியா என்ற ரகத்தைத் தேர்ந்தெடுத்து உருவாக்கினார்கள். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள கலிஃபோர்னியாவில் அதைப் புல்தரைக்கு மாற்றாக விலைக்கு விற்கிறார்கள். நமக்கு அதன் மூலச்செடி வரப்பில் சும்மா கிடைக்கிறது.

எந்த மாதத்தில் நடலாம்?

ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசிக்குள் நட்டுவிடுவது நல்லது. அந்த நாட்களில் மாலை இடிமழை அவ்வப்போது வந்து மண்ணை நனைத்து வைக்கும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் கொட்டத் தொடங்கும்போது செடி வேர் பிடித்திருக்கும், மழை அதை அடித்துக்கொண்டு போகாது. கார்த்திகை அடைமழையில் நட்டால் துண்டுகள் மிதந்து மூலையில் ஒதுங்கும். இந்தப் பருவத்தைத் தவறவிட்டவர்கள் தை மாதத்தில் நடலாம், ஆனால் கையால் தண்ணீர் ஊற்ற வேண்டும். பங்குனிக்கு மேல் கத்திரி முடியும்வரை வேண்டாம்.

தரையை எப்படித் தயார் செய்வது?

இந்த ஒரு வேலையில் அவசரப்படாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். பொடுதலைத் தரை பாழாவது பெரும்பாலும் பூச்சியாலோ வெயிலாலோ இல்லை, கோரையால். கோரைக் கிழங்கு மண்ணுக்குள் சங்கிலிபோல ஒன்றுக்கொன்று கோத்துக் கிடக்கும். மேலே இழுத்தால் இலை வரும், கிழங்கு அங்கேயே இருக்கும். பொடுதலை படர்ந்த பிறகு அதன் நடுவிலிருந்து கோரை குத்திக்கொண்டு கிளம்பினால், அதை எடுக்கப் போய்ப் பொடுதலையையும் சேர்த்துப் பிய்க்க வேண்டியிருக்கும்.

அரை அடி ஆழத்துக்குக் கொத்திவிட்டு, கையில் அகப்படும் கிழங்கையெல்லாம் பொறுக்கி எடுங்கள். பிறகு ஒன்றும் நடாமல் தண்ணீர் மட்டும் விடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் மிச்சக் கிழங்கு முளைத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதைக் கிழங்கோடு கெல்லி எடுத்துவிட்டு மறுபடி தண்ணீர் விடுங்கள். மூன்று சுற்று இப்படிச் செய்தால் பெரும்பகுதி ஒழியும். அருகம்புல்லுக்கும் இதே வைத்தியம்தான். சித்திரை, வைகாசியில் ஈரமண்ணின் மேல் பாலிதீன் ஷீட்டை இறுக்கி விரித்து நான்கு முதல் ஆறு வாரம் மூடி வைத்தால் சில்லறைக் களைகளின் விதை வெந்துபோகும். ஆழத்தில் இருக்கும் கோரைக் கிழங்கு அதற்கும் சாகாது, கொஞ்சம் தளரும், அவ்வளவே.

மண்ணைப் பொறுத்தவரை, தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை மாதிரி மணல் பகுதியாக இருந்தால் மக்கிய சாண எருவும், கிடைத்தால் ஏரி வண்டலும் சேர்த்துக் கிளறுங்கள். கேப்பர் மலை, கோரிமேடு பக்கத்துச் செம்மண்ணுக்கு எரு மட்டும் போதும். பாகூர் பக்கத்துக் களிமண்ணில் எதுவும் சேர்க்காமலே வரும்.

நாற்று எங்கே கிடைக்கும்? எப்படி நடுவது?

வயல் வரப்பில் பார்த்தால் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஒரு சாக்கு அள்ளி வரலாம். களை என்று நினைப்பவர்கள் சந்தோஷமாகவே கொடுப்பார்கள். மூலிகைச் செடி விற்கும் நர்சரிகளிலும் இருக்கும். சாக்கடை ஓரத்துச் செடியை எடுத்து நட்டாலும் வளரும், ஆனால் அதன் இலையை வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம்.

தண்டை நான்கு கணு இருக்கும்படி நறுக்கிக்கொள்ளுங்கள். விரலால் மண்ணில் ஒரு கோடு கீறி, துண்டைப் படுத்தவாக்கில் வைத்து, நடுவிலுள்ள இரண்டு கணு மூடும்படி மண்ணைத் தள்ளி அழுத்துங்கள். நுனி வெளியே தெரிய வேண்டும். குச்சி ஊன்றுவதுபோல நேராக ஊன்றினால் ஒரு கணுதான் மண்ணில் இருக்கும், படுக்க வைத்தால் இரண்டும் வேர் விடும். துண்டுக்குத் துண்டு ஒரு அடி இடைவெளி. அந்தக் கணக்கில் நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய நூறு துண்டு. சீக்கிரம் மூட வேண்டுமென்றால் முக்கால் அடியில் நடுங்கள். மாலையில் நடுங்கள், நட்ட உடனே பூவாளியால் நனையுங்கள். மழைக்காலத்தில் நட்டால் இரண்டு மூன்று மாதத்தில் தரை தெரியாது.

எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்?

முதல் இரண்டு வாரம் தினமும் லேசாக. அடுத்த ஒரு மாதம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. அதற்குப் பிறகு மழைக்காலத்தில் குழாயையே திறக்க வேண்டாம். கோடையில் வாரம் ஒருமுறை மண் நன்றாக ஊறும்படி விட்டால் பச்சை மாறாது, மணல் நிலமானால் இரண்டு முறை. தினமும் மேலாகத் தெளிப்பதைவிட இது நல்லது. அப்போதுதான் வேர் ஆழத்துக்கு இறங்கும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் தண்ணீர் விடாமல் திரும்பினாலும் பதற வேண்டாம். இலை சுருங்கிப் பழுப்பு தட்டியிருக்கும், தண்ணீர் கண்டதும் கணுவிலிருந்து துளிர்க்கும்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. பரவாயில்லையா?

வாயில் வைத்தால் கரிக்கும் அளவுக்குள் இருந்தால் சமாளிக்கும். இலை நுனி கருகத் தொடங்கினால் உப்பு மிஞ்சுகிறது என்று அர்த்தம். அப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல் ஒரே மூச்சில் நிறைய விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். வருஷா வருஷம் பருவமழை வந்து மண்ணைக் கழுவிவிடுவது நமக்குக் கிடைத்த பெரிய வரம். மாடித் தண்ணீரைத் தெருவுக்கு விடாமல் ஒரு குழாய் போட்டு இந்தத் தரைக்குத் திருப்பிவிடுங்கள்.

ஆர்.ஓ. கழிவு நீர், வாஷிங் மிஷின் தண்ணீர்?

ஆர்.ஓ. கழிவு நீரில் உப்பு ஏற்கெனவே கூடுதல். அதையே தினமும் விடாதீர்கள், நல்ல தண்ணீரோடு கலந்து எப்போதாவது விடலாம். துணி அலசிய கடைசித் தண்ணீர் சரி. சோப்புத்தூள் நுரையோடு வரும் முதல் தண்ணீர் வேண்டாம். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைத் தயங்காமல் ஊற்றுங்கள்.

மாமரத்து நிழலில் வருமா?

ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்டு நீண்டு இலை விலகி, தரை தெரியும், பூவும் குறையும். அடர்ந்த நிழலில் பொடுதலையை வற்புறுத்தாதீர்கள். ஈரம் நிற்கும் நிழலுக்கு வல்லாரை இருக்கிறது. தண்ணீர் தேங்காத நிழலுக்குத் திப்பிலியைத் தரையில் படரவிடலாம். இரண்டும் கண்ணுக்கு அழகு.

தென்னை இருந்தால் அடிமரத்தைச் சுற்றி மூன்று நான்கு அடிக்குப் பாத்தியைச் சுத்தமாக விடுங்கள். உரம் வைக்கவும் தண்ணீர் கட்டவும் அந்த இடம் வேண்டும்.

பாம்பு வந்து தங்குமா? கொசு வருமா?

இந்தக் கேள்வி வராத வீடே இல்லை. கேட்பதும் நியாயம்தான். முழங்கால் உயரத்துக்குப் புதர்போல மண்டும் செடிக்கு அடியில் பாம்பு மறைந்திருக்க முடியும். பொடுதலை தரையோடு ஒட்டியிருப்பதால் மேலே ஊர்ந்தால் பளிச்சென்று தெரியும். ஆனால் வெட்டாமல் விட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அரை அடி மெத்தையாகிவிட்டால் எலியும் தவளையும் சேரும், அவற்றைத் தேடிப் பாம்பும் வரும். அதனால் உயரத்தை விரற்கடைக் கணக்கில் வையுங்கள். சுவரோரம் செங்கல், மட்டை, தேங்காய் மூடி என்று எதையும் குவிக்காதீர்கள். இரவில் டார்ச் இல்லாமல் தோட்டத்தில் இறங்காதீர்கள். இந்தச் செடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பொருந்தும்.

கொசு தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். பொடுதலை இலையில் தண்ணீர் தேங்காது. பக்கத்தில் கிடக்கும் கொட்டாங்குச்சியைப் பாருங்கள்.

பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்களே?

நடக்கலாம், உட்காரலாம், பாய் விரிக்கலாம். தினமும் கிரிக்கெட் ஆடினால் பந்து போடும் தடம் மட்டும் தேய்ந்து மண் தெரியும். வாசலிலிருந்து கேட்வரை தினமும் நடக்கும் பாதைக்குக் கடப்பைக் கல் துண்டுகளை இடைவெளி விட்டுப் பதியுங்கள், நடுவில் பொடுதலை நிரம்பிவிடும்.

கவனிக்க வேண்டியது தேனீ. வெயில் ஏறியதும் சின்னத் தேனீக்களும் பட்டாம்பூச்சிகளும் இந்தப் பூவுக்கு வந்துவிடும். எனக்கு அதைப் பார்ப்பதே ஒரு நிறைவு, மாடித்தோட்டத்துப் பூசணியும் பாகலும் காய்ப்பதற்கும் அந்தத் தேனீக்கள் வேண்டும். ஆனால் வெறுங்காலால் மிதித்தால் கொட்டும். பிள்ளைகள் விளையாடும் பகுதியில் மட்டும் பூக்காம்பு எழும்பியதும் கத்தரித்துவிட்டு, சுவரோரப் பகுதியைப் பூக்க விடுங்கள்.

வெள்ளம் நின்றால் செத்துவிடுமா?

குளக்கரைச் செடிக்கு வெள்ளம் புதிதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த தண்ணீர் கடலூர்ப் பக்கம் ஊருக்குள் புகுந்தது. அந்த மாதிரித் தண்ணீர் சில நாள் நின்றால் புல்தரை அழுகி நாற்றமெடுக்கும். பொடுதலை இலையை உதிர்த்தாலும் கணுவில் உயிரை வைத்திருக்கும்.

தண்ணீர் வடிந்த பிறகு செய்ய வேண்டியவை உண்டு. வண்டல் இலைமேல் காய்ந்து இறுகுவதற்குள் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். பிளாஸ்டிக், கண்ணாடித் துண்டு அடித்து வந்திருக்கும், கையுறை போட்டுப் பொறுக்குங்கள். மண் சேறாக இருக்கும்வரை மேலே நடக்க வேண்டாம், வேர் மூச்சுமுட்டும். ஒரு அங்குலத்துக்கு மேல் வண்டல் படிந்திருந்தால் அங்கங்கே கீறிவிட்டால் துளிர் மேலே வரும். கடல் தண்ணீர் ஏறியிருந்தால் மட்டும் நல்ல தண்ணீரை இரண்டு மூன்று முறை நிறைய விட்டு உப்பை இறக்க வேண்டும்.

நடுவில் வட்ட வட்டமாகக் காய்கிறது. என்ன காரணம்?

எப்போது காய்கிறது என்று பாருங்கள். மழைக்காலத்தில் வட்டமாகப் பழுத்து, தண்டின் அடியில் வெள்ளை நூல்போலப் படர்ந்து, கடுகு போன்ற உருண்டைகள் தெரிந்தால் அது பூஞ்சண அழுகல். அந்த வட்டத்தையும் சுற்றி அரை அடியையும் மண்ணோடு வழித்து எடுத்து எறிந்துவிட்டு, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தை மக்கிய எருவில் கலந்து போடுங்கள். அந்த இடத்தில் தண்ணீர் தேங்காமல் சரிவு கொடுங்கள்.

மணல் நிலத்தில், தண்ணீர் விட்டும் ஒரு பகுதி மட்டும் சோகையாக நிற்கிறது என்றால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முண்டு முண்டாக இருந்தால் நூற்புழு. வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கித் தூவி மண்ணைக் கிளறிவிட்டால் மெல்லத் தேறும். கணு இடுக்கில் வெள்ளைப் பஞ்சாக இருந்தால் மாவுப்பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். களைக்கொல்லி மட்டும் வேண்டவே வேண்டாம், கோரையோடு பொடுதலையும் போய்விடும்.

உரம்?

பருவமழை முடிந்ததும் தை மாதத்தில் மண்புழு உரத்தை ஒரு கை தூவினால் வருஷத்துக்குப் போதும். யூரியா போட்டால் இலை கொழுத்துத் தண்டு நீளும், பூச்சியும் தேடி வரும்.

எப்போது வெட்டுவது? பக்கத்துப் பாத்திக்குள் ஓடுகிறதே?

ஓடத்தான் செய்யும். பொடுதலை வைப்பவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டிய உழைப்பு இது ஒன்றுதான். ஓரத்தில் செங்கல்லை நெட்டுக்குத்தாகப் புதைத்து இரண்டு அங்குலம் வெளியே தெரியும்படி வையுங்கள். அதைத் தாண்டி வரும் கொடியை மாதம் ஒருமுறை கருக்கரிவாளால் அறுத்துவிடுங்கள். மேலே கத்தரிப்பது ஒன்றரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. தையில் மட்டும் நன்றாக ஒட்ட வெட்டுங்கள், மழையில் வளர்ந்த நீளத் தண்டெல்லாம் போய்ப் புதுத் துளிர் அடர்த்தியாக வரும்.

வெட்டியதை அப்படியே எருக்குழியில் போட்டால் அங்கே வேர்விடும். இரண்டு நாள் மாடியில் காயப்போட்டுவிட்டுக் குழியில் சேருங்கள்.

மஞ்சள் பூ பூக்கும் கொடி ஒன்றை நர்சரியில் தரைக்கு நல்லது என்கிறார்களே?

பெரும்பாலும் அது வெடிலியா, சிங்கப்பூர் டெய்சி என்றும் சொல்வார்கள். வேண்டாம் என்பேன். வெப்பமண்டல அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்தது. உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதைச் சேர்த்திருக்கிறது. வீட்டிலிருந்து வெட்டி வீசிய ஒரு துண்டு வாய்க்காலில் போனால் கரை முழுவதையும் பிடித்து, அங்கே இருந்த பொடுதலையையும் வல்லாரையையும் மூடிவிடும்.

இதில் இன்னொரு ஆபத்து, இதையே மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கொடுத்துவிடுகிறார்கள். வெடிலியாவின் இலையில் இரண்டு பக்கமும் காது வைத்ததுபோல மூன்று பிளவு தெரியும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை பிளவில்லாமல் நீண்டு குறுகியிருக்கும். கீரைக்காக வாங்கி வந்திருந்தால் இலையைப் பார்த்துவிட்டுத்தான் சமையலறைக்குள் கொண்டுபோக வேண்டும்.

கடற்கரையை ஒட்டிய மனை. வெறும் மணல்தான். அங்கும் பொடுதலையா?

வீட்டை ஒட்டிக் கொஞ்சம் எரு சேர்த்த இடத்தில் பொடுதலை. அலைப்பக்கத்து மணலுக்கு அடப்பங்கொடிதான். ஊதாப் பூ, மாட்டுக் குளம்புபோலப் பிளந்த இலை. மணலைப் பிடித்து நிறுத்தும் வேலையை அதுவும் ராவணன் மீசை என்ற முள்புல்லும் காலங்காலமாகச் செய்கின்றன. மனையைச் சுத்தம் செய்கிறோம் என்று ஜேசிபி விட்டு அவற்றை வழித்துவிடாதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள் இதைக் களை என்கிறாள். உண்மையா?

அங்கே தொல்லை கொடுப்பது இதன் நெருங்கிய உறவான, தென்னமெரிக்காவிலிருந்து போன இன்னொரு இனம். லிப்பியா என்பார்கள். முர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகையில் மேய்ச்சல் நிலங்களைப் பிடித்துக்கொண்டது. மகளுக்கு இங்கிருந்து தண்டோ விதையோ அனுப்ப வேண்டாம், அந்த நாட்டுச் சட்டமும் அனுமதிக்காது. அங்கே அந்த மண்ணுக்குரிய செடி எது என்று அங்குள்ள நர்சரியில் கேட்கச் சொல்லுங்கள்.

இலையைத் தலைக்கு எண்ணெய் காய்ச்சலாமா? துவையல்?

பொடுகுக்குப் பொடுதலை எண்ணெய் காய்ச்சும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. நாய் பூனை போகாத, மருந்து அடிக்காத பகுதியிலிருந்து இலை பறித்து, கழுவி ஈரம் போக உலர்த்திக் காய்ச்சுங்கள். முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பாருங்கள், அரிப்பு வந்தால் விட்டுவிடுங்கள். துவையலும் சிலர் அரைப்பார்கள். ஆனால் மருந்தாக உள்ளே சாப்பிடுவதைச் சித்த மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கேட்காமல் கண்டிப்பாகக் கொடுக்க வேண்டாம்.

மாடியில் தொட்டியில் வளருமா?

வளரும். அகலமான, அரை அடி ஆழத் தொட்டி போதும், விளிம்பைத் தாண்டித் தொங்கும்போது நன்றாக இருக்கும். எலுமிச்சை, மாதுளை வைத்த பெரிய டிரம்மில் மேல்மண்ணை மூட இதை விட்டால் மண் சூடாகாது. ஆனால் மரத்தோடு தண்ணீருக்குப் போட்டியிடும், ஆகவே கோடையில் அந்த டிரம்முக்குத் தினமும் ஊற்றுங்கள். கத்தரி, தக்காளிப் பைகளில் வேண்டாம், ஒரு பருவத்தில் பயிரை அமுக்கிவிடும்.